ஹெதர் பற்றைக்கு வந்த மாப்பிள்ளைகள்

1

"என்ன மச்சான், லண்டன்ல பூச்சிக்குக் கலியாணம் முடிச்சி வெச்சீங்களாமே?"

போன கிழமை கல்முனையிலிருந்து கூப்பிட்ட றாசிக், ஸலாம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி இது. றாசிக் என் மனைவி றஹீமாவின் தம்பி. என் கலியாணத்தன்று வாசலில் நின்று என் காலுக்குத் தண்ணீர் ஊற்றி மோதிரம் வாங்கியவர். அன்று தொடங்கிய கேலி இன்னும் ஓயவில்லை.

நான் இருப்பது லண்டனில் இல்லை. அங்கிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கும் ஒரு சிறிய நகரத்தில். ஊரில் யாருக்கும் அது பொருட்டில்லை. குளிருள்ள நாட்டுக்குப் போனவன் எல்லோரும் லண்டன்காரன்தான்.

என் மகள் ஷிபானா எடுத்த ஒரு சின்ன வீடியோதான் இதற்கெல்லாம் காரணம். அவள் அதைத் தன் மச்சிக்கு அனுப்ப, அந்தப் பிள்ளை குடும்பக் குழுவில் போட, மூன்று நாளைக்குள் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை பார்த்துவிட்டார்கள். ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளை ஜுப்பாவோடு, தலையில் தொப்பியோடு, வலையடித்த பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு நான் பற்றைக்குள் ஓடுகிறேன். பின்னால் றஹீமாவின் குரல் கேட்கிறது: "மெல்லமா ஓடுங்க, உழுந்திடுவீங்க."

"நிசாருக்கு மண்டைக்குள்ள ஏதோ பழுதாம் எண்டு கடைத்தெருவுல கதைக்கிறாங்க" என்றார் றாசிக். மறுகாலும் கேட்டார்: "சரி, பொண்ணுக்குச் சீதனமா என்ன குடுத்தீங்க?"

சிரித்துவிட்டு போனை றஹீமாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கதைக்கக் கூச்சம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது முன்வாங்குப் பொடியனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே ஓ.எல். வரை படித்து முடித்தவன் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஊருக்கு எழுதுகிறேன். என் மண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

2

இந்தச் சித்திரையோடு நான் இங்கு வந்து பதினேழு வருடம். அதில் பதினொரு வருடமாக நகரசபைக்காகப் புல் வெட்டுகிறேன். பூங்கா, விளையாட்டு மைதானம், வீதியோரம், கல்லறைகள் உள்ள மையவாடி எல்லாம் எங்கள் கணக்கு. காலை ஆறரைக்கு வேன் வரும். ஓட்டுபவர் கெவின், எங்கள் மேற்பார்வையாளர். பெரிய உடம்பு, பெரிய குரல், கெட்ட மனம் இல்லை.

வேலையிடத்தில் என் பெயர் ஆடம். நம் வழக்கப்படி வாப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால்: ஆதம்பாவா நிசார். முதல் நாள் கெவின் தாளைப் பார்த்து, "ஆடம் என்று கூப்பிடலாமா?" என்று கேட்டார். இல்லை, அது என் வாப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன். அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்று ஏக்கர் வெற்றுநிலம் கிடக்கிறது. மணல் மண். அதில் ஹெதர் என்ற செடி முழங்கால் உயரத்துக்குப் பற்றையாக வளர்ந்திருக்கிறது. ஆவணி பிறந்தால் முழுவதும் ஊதாவாகப் பூக்கும். ஓரங்களில் முட்கொடி. நாய் கொண்டு நடப்பவர்களைத் தவிர யாரும் போவதில்லை. அதன் ஓரத்தை மட்டும் ஒரு மெஷின் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வருவது என் வேலை.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே அங்கே ஒரு மயிர்க்கொட்டிப் புழுவைக் கண்டேன். விரல் நீளம். நல்ல பச்சை, உடம்பைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் மஞ்சள் மணிகள் தைத்த மாதிரிப் புள்ளிகள். நம் ஊர்ப் பெண்கள் கலியாணத்துக்கு உடுக்கும் சாரியில் கூட அப்படியொரு வேலைப்பாடு கண்டதில்லை. மெஷினை நிறுத்தி இறங்கி, அதை ஒரு குச்சியில் ஏற்றிப் பற்றைக்குள் விட்டேன். அடுத்த வருடமும் விட்டேன். பதினொரு வருடமாக ஆனியிலும் ஆடியிலும் கெவின் பார்க்காத நேரம் இறங்கி இறங்கித்தான் அந்த ஓரத்தை வெட்டுகிறேன். எந்த மூலையில் நிறைய இருக்கும், எந்தப் பக்கம் வெயிலுக்கு வந்து கிடக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

போன ஆவணியில் என் கை பிசகிவிட்டது. மெஷின் சற்று உள்ளே போய் ஒரு கொத்தை வெட்டிப் போட்டது. வெட்டுண்ட தண்டில் ஒரு கூடு ஒட்டியிருந்தது. மண்நிறம், பேரிக்காய் வடிவம், தடித்த தாள்போல் நெய்த கூடு. தண்டோடு எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பங்குனியில் அந்த நிலத்தின் கம்பத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. பற்றையை எடுத்து, நிலத்தை மட்டப்படுத்தி, வாகனத் தரிப்பிடம் போடப் போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் சித்திரை கடைசி வெள்ளி மாலை ஐந்து மணிக்கு முன் எழுதலாம்.

"அங்கே மயிர்க்கொட்டி இருக்கிறது" என்று கெவினிடம் சொன்னேன். அது சொல்லவே இரண்டு நாள் பிடித்தது.

"ஒன்றும் இல்லை ஆடம். பதிவுகளைப் பார்த்துவிட்டார்கள். பதிவில் அங்கே ஒரு உயிரும் இல்லை."

"நான் கண்டிருக்கிறேன்."

"பதிவில் இல்லாவிட்டால் அது இல்லை" என்றார் கெவின். கோபமாகச் சொல்லவில்லை. வேனில் பெட்ரோல் இல்லை என்பது போலச் சொன்னார்.

3

அந்தக் கூட்டைக் கண்டதும் அது என்னவென்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. நான் பிறந்தது கல்முனையில் இல்லை, இறக்காமத்தில். வாப்பாவின் வயலுக்குப் போகும் குளக்கட்டில் மருதமரங்கள் நிற்கும். இலையுதிர்ந்த கிளையில் காம்பு வைத்த காய்போலக் கூடுகள் தொங்கும். கோழிமுட்டையளவு, கல்லுப்போல உறுதி. காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ புரளும். அது பட்டு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஷிபானா தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள். இதுவும் அந்தப் பட்டுப்பூச்சிக் குடும்பம்தான், இந்த நாட்டில் இந்தக் குடும்பத்தில் வாழும் ஒரே இனம். இவர்கள் இதைப் பேரரசர் என்று அழைக்கிறார்கள். மாரிக்குளிர் முழுவதும் கூட்டுக்குள் கிடந்து, வசந்தம் வந்ததும் வெளிவரும். ஆண் செம்மஞ்சள் சிறகோடு பட்டப்பகலில் வெயிலில் பறக்கும். பெண் பெரியது, சாம்பல் நிறம். அது பகலில் பறக்காமல் பற்றையில் அசையாமல் உட்கார்ந்து, பின்னேரம் வயிற்றின் நுனியிலிருந்து ஒரு வாசனையைக் காற்றில் விடும். நமக்கு மணக்காது. ஆண் பூச்சி தலையிலுள்ள இறகு போன்ற உணர்கொம்பால் அதைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் தேடி வரும்.

கூட்டின் வாயை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நம் ஊர்க் கிட்டங்கி ஆற்றில் இறாலுக்கு வைக்கும் கூடு பார்த்திருப்பீர்கள். வாயில் குச்சிகள் உள்நோக்கிச் சரிந்திருக்கும். இறால் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. இந்தக் கூட்டின் வாயிலும் அதே வேலைதான், ஆனால் மறுபக்கமாக. நார்கள் வெளிநோக்கிக் கூம்பி நிற்கின்றன. உள்ளே இருப்பவர் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். வெளியே இருக்கும் எறும்போ வண்டோ உள்ளே போக முடியாது. இதை ஒரு புழு வாயாலேயே நூற்றுக் கட்டுகிறது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிரினப் பதிவு அலுவலகத்துக்கு போன் எடுக்க ஷிபானா சொன்னாள். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மறுபக்கம் ஹெலன் என்ற பெண் எடுத்ததும் தாளில் எழுதியதெல்லாம் மறந்துவிட்டது.

"ஒன்றை ஆவணியிலிருந்து என் தோட்டக் கொட்டிலுக்குள் வைத்திருக்கிறேன்" என்றேன். "இன்னும் தூங்குகிறது. ஆணா பெண்ணா என்று தெரியாது. குளிரில்தான் வைத்திருக்கிறேன். சாப்பாடு கொடுக்கவில்லை."

பிறகு மிகவும் நிதானமாக ஹெலன் கேட்டார்: "ஐயா, நாம் ஒரு பூச்சியைப் பற்றித்தானே கதைக்கிறோம்?"

பக்கத்தில் நின்ற ஷிபானா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சிரிப்பு.

ஹெலன் நல்ல பெண். விளக்கமாகச் சொன்னார். ஒரு கூட்டை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது, அது எங்கே கிடைத்தது என்பதற்கு என் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. அந்த இடத்திலேயே பூச்சி பறப்பதைப் படமெடுத்து, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன் படிவம் நிரப்பி அனுப்பினால், தான் நேரில் வந்து பார்ப்பதற்கு அது காரணமாகும்.

ஆணைப் படமெடுப்பது லேசில்லை. கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பெண் பூச்சி ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஆண் தானாக வரும். ஆகவே என் கூட்டுக்குள் இருப்பது பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்து வேளையும் துஆக் கேட்டேன். ஷிபானா பிறந்தபோது கூட ஆணா பெண்ணா என்று நான் இவ்வளவு யோசித்ததில்லை.

4

கடைசி வெள்ளிக்கு மூன்று நாள் முந்திய செவ்வாய் காலை, வேலைக்குப் போகும் முன் கொட்டிலுக்குள் பார்த்தேன். கூட்டுக்கு மேலே, நனைந்து கசங்கிய துணிபோல ஒன்று தொங்கியது. நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்தத் துணி விரிந்து, இஸ்திரி போட்டது போல நான்கு சிறகாயிற்று. சாம்பல் நிறம், ஓரத்தில் வெள்ளைக் கரை, ஒவ்வொரு சிறகிலும் ஒரு கண்.

ஷிபானாவை எழுப்பினேன். கல்லூரி விடுமுறை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவளிடம் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில வருடமாக அப்படித்தான். அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உணர்கொம்பு மெல்லியதாக இருக்கிறது, வாப்பா. இது பெண்."

நான் உடனே ஒரு கோப்பையில் தேன் கரைத்துக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தேன். எட்டு மாதம் பட்டினி கிடந்து வந்த விருந்தாளிக்கு வேறென்ன வைப்பது? ஷிபானா தடுத்தாள்.

"அது குடிக்காது. வளர்ந்த பூச்சிக்குத் தின்னும் வாயே இல்லை. புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்துத்தான் கடைசி வரை வாழும்."

றஹீமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வாய் இல்லியா? அப்ப உங்கட சொந்தம்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்று நல்ல வெயில். எனக்கு வேலை. அது ஒரு கிழமைக்கு மேல் உயிரோடு இருக்காது என்பதால் ஒரு நாளும் வீணாகக் கூடாது. அதனால் அதைத் தண்டோடு வலையடித்த பெட்டியொன்றுக்குள் வைத்து, பெட்டியை முற்றத்தில், வேலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஆண்கள் அந்தப் பக்கம் வருகின்றனவா என்றாவது தெரியட்டும். றஹீமாவிடம் சொல்லியும் வைத்தேன்: "பின்னேரம் மாப்பிள்ளமார் வருவாங்க, பார்த்துக்கங்க."

நாலரைக்கு வந்து பார்த்தால் முற்றத்தில் பெட்டியைக் காணவில்லை. எங்கள் படுக்கையறையில், அலுமாரிக்கு மேலே இருந்தது. ஜன்னல் சாத்தி, திரையும் இழுத்து விட்டிருந்தது.

"என்ன புள்ள செஞ்சி வெச்சிரிக்க?"

"மறுகா என்ன, கொமர முத்தத்துல வெச்சிட்டுப் போவீங்களா? மாப்பிள்ளமார் வருவாங்க எண்டு வேற சொல்லிட்டுப் போறீங்க. ஆம்புள இல்லாத ஊட்டுல நான் எப்பிடி ஆள வர விடுற?"

அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார், பாதி உண்மையாக. பக்கத்து வீட்டுப் பூனை வேலியில் ஏறி நின்றதைக் கண்டதும் பயந்துவிட்டாராம். பூனைக்குப் பயந்தால் பெட்டியைக் கொட்டிலுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் றஹீமாவின் கை தானாகவே படுக்கையறைக்குத்தான் போயிருக்கிறது. குமர்ப்பிள்ளையை வைக்கும் இடம் உள்ளறை என்பது அந்தக் கைக்குத் தெரியும். பெட்டிக்குள் அந்தப் பெண் வயிற்றின் நுனியை நீட்டி, மூடிய கண்ணாடிக்கு எதிரே வாசனையை விட்டுக்கொண்டிருந்தது.

ஷிபானாதான் தன் உம்மாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். நல்ல வெயில் நாள் ஒன்று போய்விட்டது. வானிலைச் செய்தியில் புதனும் வியாழனும் மழை. றஹீமாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு யார் சொன்ன" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

ஷிபானா பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ பெண் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆண்தான் வர வேண்டும்?"

"ஓம் மகள். எங்கட ஊர் மாதிரித்தான்."

"எங்கள் ஊர் மாதிரியா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய சிநேகிதி ஒருத்தி கேட்டிருக்கிறாள், உன் வாப்பா ஏன் கலியாணம் முடித்து உன் உம்மாவின் வீட்டில் இருந்தார், அவருக்கு வீடு இல்லையா என்று. ஷிபானாவுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடமாக அதை மனதில் வைத்துக்கொண்டு, வாப்பா ஏதோ இல்லாதவர், போக்கிடம் இல்லாமல் போனவர் என்று நினைத்திருக்கிறாள்.

நான் சொன்னேன். எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. பிள்ளை பிறந்ததும் உம்மாவும் வாப்பாவும் மகளுக்காகத்தான் கல் அடுக்கத் தொடங்குவார்கள். வீடும் வளவும், இருந்தால் வயலும் அவள் பெயரில். மாப்பிள்ளைதான் தன் உடுப்பைக் கட்டிக்கொண்டு அவளிடம் வருவான். இறக்காமத்தில் எனக்கு வீடு இருந்தது. ஆனாலும் நான் அங்கிருந்து கல்முனைக்கு, கடல்காற்று வீசும் உன் உம்மாவின் வீட்டுக்கு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வேனில் வந்து இறங்கினேன். என் வாப்பாவும் அப்படித்தான் வந்தார். அதில் குறைவு ஒன்றுமில்லை.

அவள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கேலி இருக்கவில்லை.

5

புதன் மழை. வியாழனும் மழை. பெண் பூச்சி பெட்டியின் மூலையில் அசையாமல் இருந்தது. வயிறு கனத்து முட்டை நிறைந்திருந்தது. துணை வராவிட்டாலும் முட்டை போடும், ஆனால் அது பொரிக்காது.

வியாழன் வேனுக்குள் கெவினிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு ஒரு மணித்தியாலம் தருவார். அன்று அரை நாள் வேண்டும்.

"எதற்கு ஆடம்?"

"ஒரு கலியாணம்."

"யாருக்கு?"

"சொந்தத்தில் ஒரு பெண்."

"வாழ்த்துச் சொல்" என்றார். வாழ்த்தைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளி காலையும் மேகம். பதினொரு மணிக்குத்தான் வெயில் பிறந்தது. ஜும்ஆ ஒன்றரைக்கு. ஆண்கள் பறப்பதும் மத்தியானத்துக்குப் பிறகுதான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி நிற்பது என்று வாசலில் யோசித்துக்கொண்டிருந்தேன். றஹீமா அதற்குள் வெளியே போகும் உடுப்போடு வந்து நின்றார்.

"நீங்க பள்ளிக்குப் போங்க. நானும் மகளும் பொண்ணக் கூட்டிப் போறம்."

"பஸ்ஸிலயா?"

"மறுகா என்ன, காரா புடிச்சித் தரப் போறீங்க?"

வலைப்பெட்டியைத் தன் பழைய சால்வையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு, மூன்று தரிப்பிடம் பஸ்ஸில் கொண்டு போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவர் என்ன குருவியா என்று கேட்டாராம். "மை டோட்டர்" என்று றஹீமா சொல்லிவிட்டார். அவருக்கு வரும் ஆங்கிலத்தில் அது பாதி.

தொழுகை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டேமுக்கால். பற்றைக்குள், பஸ் நிலையத்துப் பக்கமாகப் பாய் விரித்து, சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு இரண்டு பேரும் இருந்தார்கள். ஷிபானா போனைப் பிடித்தபடி. ஒன்றும் வரவில்லை. மூன்றேகால். ஒன்றும் வரவில்லை. மூன்றரைக்குப் பெண் பூச்சி பெட்டியின் வலையில் ஏறி நின்று, வயிற்று நுனியை வெளியே நீட்டியது. இன்னும் ஒன்றும் வரவில்லை.

"இல்லை போல, வாப்பா" என்றாள் ஷிபானா.

அப்போதுதான் எனக்குப் புல்லின் தலை சாய்வது தெரிந்தது. வாப்பாவோடு களத்தில் நெல் தூற்றியவன் நான். பதர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்காமல் சுளகைத் தூக்கினால் முகத்தில்தான் கொட்டும். காற்று எங்களிடமிருந்து பஸ் நிலையத்துப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை முழுவதும் வீதிக்கும் டீசல் புகைக்கும் போய்க்கொண்டிருந்தது. பற்றையின் பெரிய பங்கு எங்களுக்கு முதுகுப் பக்கம் கிடந்தது. அங்கிருக்கும் ஆணுக்கு இங்கே ஒரு பெண் இருப்பதே தெரியாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காற்று வரும் பக்கத்துக்கு, பற்றையின் மறு கரை வரைக்கும். நீங்கள் பார்த்துச் சிரித்த ஓட்டம் அதுதான். ஜுப்பா முள்ளில் மாட்டிக் கிழிந்தது. முட்கொடிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் பெட்டியை வைத்தேன். இப்போது காற்று அவள் வாசனையை எடுத்துக்கொண்டு மூன்று ஏக்கருக்கு மேலாலும் போனது.

றஹீமாவும் ஷிபானாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கியது.

தாழ்வாக, ஹெதரின் தலையை உரசியபடி, செம்மஞ்சளாக ஏதோ ஒன்று வளைந்து வளைந்து வந்தது. எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி, காற்றுக்கு எதிராக ஏறி வந்து பெட்டியின் வலையில் மோதியது.

"வாப்பா, மாப்பிள்ள வந்துட்டாரு" என்றாள் ஷிபானா. தமிழில்.

றஹீமா சட்டென்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு தானே சிரித்தார்.

இன்னும் இரண்டு ஆண்கள் வந்தன. மூன்றும் பெட்டியைச் சுற்றி வட்டமிட்டன. ஷிபானா எல்லாவற்றையும் எடுத்தாள். பாயில் உட்கார்ந்து படிவத்தைப் போனிலேயே நிரப்பினாள். கண்ட இனம், எண்ணிக்கை, இடம். கண்டவர் பெயர் என்ற இடத்தில் நிறுத்திக் கேட்டாள்: "ஆடம் என்று போடவா?"

"இல்ல மகள். முழுப் பேரையும் போடுங்க."

நாலு நாற்பதுக்கு அது போய்ச் சேர்ந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தேன். முதலில் வந்தவர் உள்ளே இறங்கினார். அரை மணித்தியாலம் இருவரும் அசையவில்லை. பிறகு தண்டோடு தூக்கி ஹெதருக்குள் வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பெண் அந்திப்பொழுதில் பறந்துபோய் முட்டையிடும். கலியாண வீட்டில் கடைசி வரை நிற்பது மரியாதையில்லை.

6

அடுத்த செவ்வாய் ஹெலன் வந்தார். கூடவே கெவினும் வந்தார், நகரசபைக்காக. ஹெலன் வீடியோவை மெச்சினார். பிறகு தயங்கிச் சொன்னார்: "ஆனால் ஆண் தூரத்திலிருந்தும் வரும். வந்தது மூன்று ஆண் என்பது உண்மை. அவை இந்த நிலத்தில்தான் வளர்ந்தன என்று அது காட்டாது."

கெவின் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்ததும் தைரியம் வந்தது. அது எனக்குத் தெரிந்த நிலம்.

"வாங்க" என்றேன்.

பாதையிலிருந்து பத்தடி உள்ளே போய், முட்கொடியின் தெற்குப் பக்கம் குந்தியிருந்து தண்டை விலக்கினேன். ஒரு கூடு. வாய் விரிந்து வெறுமையாக இருந்தது. இந்த வருடம் போனவர். அங்கிருந்து மேட்டுக்கு. இரண்டு கூடுகள், ஒன்று இன்னும் கனம். சில பேர் இரண்டு மாரி தூங்குவார்கள் என்று ஹெலனே சொன்னார். பிறகு வேலியோரம். பிறகு உடைந்த வாங்குக்குப் பின்னால். கடைசியாக ஒரு ஹெதர்த் தண்டைச் சுற்றி, வளையல் போல ஒட்டியிருந்த புதிய முட்டைகள். எங்கள் பெண் போட்டதா வேறொருத்தி போட்டதா தெரியாது. எங்கள் பெண் என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

ஹெலன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது கூட்டில் நிமிர்ந்து கேட்டார்: "இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?"

"புல் வெட்டும்போது" என்றேன்.

கெவின் ஹெலனின் தாளை எட்டிப் பார்த்தார். "நிசார் யார்?"

"நான்தான்."

"அப்படியானால் ஆடம்?"

"அது என் வாப்பா."

"பதினொரு வருடம் ஏன் சொல்லவில்லை?"

"பதிவில் இருக்கவில்லை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பஸ் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை ஆறரைக்கு வேன் கதவைத் திறந்து, "காலை வணக்கம், நிசார்" என்றார். 'சா'வை நீட்டிச் சொல்கிறார். அது பரவாயில்லை.

நேற்றுக் கடிதம் வந்தது. வாகனத் தரிப்பிடத்தைப் பழைய பஸ் கராஜ் இருந்த பக்கத்தில் போடுகிறார்களாம். ஹெதர் நிலத்தை அப்படியே விடுவதாகவும், ஓரத்தை இனி ஆவணி முடியும் வரை வெட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கடிதத்தோடு ஒரு வரைபடம். அதில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பன்னிரண்டு புள்ளிகள், கீழே கண்டவர் பெயர். ஷிபானா அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒட்டினாள்.

றாசிக், போன கிழமை நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கடைத்தெருவில் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பொண்ணுக்கு நாங்கள் சீதனமாகக் கொடுத்தது மூன்று ஏக்கர் காணி, அவள் பெயரிலேயே.